விலங்குப் பெயருக்குப் பேரேடு எழுதுவது எப்படி

கோடு போட்ட 200 பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு விலங்குக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. இடப்பக்கம், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யார் யார் என்ன சொல்கிறார்கள் என்பது. வலப்பக்கம், அதை நம்புவதென்றால் ஆதாரமே இல்லாமல் நாம் எதையெல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது. நான் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 31 வருஷம் கணக்கு எழுதியவன். பற்று வரவாகப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் புரியும். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் விலங்குப் பெயர்களைப் பற்றிப் பண்டிதர்கள் நூற்றைம்பது வருஷமாகப் போடும் சண்டை எனக்குப் பிடிபட்டதும் இப்படித்தான்.

நோட்டு வாங்க வேண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற புதிதில் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பூனையை ஆங்கிலத்தில் 'புஸ்' என்கிறார்களே, அது நம்முடைய 'பூசை'தான் என்று முழங்கினேன். கம்பரே தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசை என்று சொல்லிக்கொள்கிறார், அதையும் எடுத்து விட்டேன். நல்ல கைதட்டல். கடைசி வரிசையிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "ஐயா, அந்த இங்கிலீஷ் வார்த்தை எழுத்துல முதல்ல எப்போ வருது?" என்று கேட்டது. எனக்குத் தெரியாது. வவுச்சர் இல்லாமல் செலவு எழுதிய கணக்கனைத் தணிக்கைக்காரர் பார்ப்பாரே, அப்படி ஒரு பார்வை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 'புஸ்' 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது 1600-இன் கடைசி நாளில். சென்னையில் அவர்கள் இடம் வாங்கியது 1639. கப்பல் வருவதற்கு முன்பே சொல் அங்கே இருக்கிறது. டச்சுக்காரர்கள் பூனையை 'பூஸ்' என்கிறார்கள், துருக்கியில் 'பிசி'. பால் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பூனையைக் கூப்பிடும் யார் வாயிலும் வருகிற சத்தம் அது. கம்பருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே முதல் வேலை, வவுச்சர். அந்தச் சொல் எழுத்தில் முதலில் எங்கே, எப்போது, என்ன பொருளில் வருகிறது என்று பக்கத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். பாதிச் சண்டை இந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். முடியாத பாதிதான் சுவாரசியம். 'கேட்' என்ற சொல்லையே எடுங்கள். லத்தீனில் பூனைக்குப் பழைய சொல் 'ஃபேலெஸ்', கிரேக்கத்தில் 'ஐலூரோஸ்'. 'கத்துஸ்' பிற்கால லத்தீனில்தான் தலைகாட்டுகிறது. அப்புறம் ஐரோப்பா முழுக்க அதுதான். வெளியூரிலிருந்து வந்தது என்று அதன் நடையே சொல்கிறது. எந்த ஊர் என்பதுதான் கேள்வி. எகிப்துதானே பூனைகளின் நாடு, ஆகவே நைல் கரை, நூபிய மொழியின் 'கதிஸ்' என்பது ஒரு கட்சி. அந்த நூபியச் சொல்லே அரபியின் 'கித்'திலிருந்து போயிருக்கலாமே என்பது எதிர்க்கட்சி. இல்லை, ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி என்ற இனத்தாரின் மொழியில் மரநாய் இனத்துச் சிறு பிராணி ஒன்றுக்கு இதைப் போன்ற பெயர் இருக்கிறது, அங்கே தேடுங்கள் என்பது மூன்றாவது கட்சி. என் நோட்டில் மூன்றும் இருக்கின்றன. எதற்கும் டிக் போடவில்லை.

பொருளையும் எழுதச் சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. பெயர் ஒன்றாகவே இருக்க, அது குறிக்கும் பிராணி மாறிப்போகும். ஆங்கில 'டியர்' இன்று மான். பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கும் 'டியர்'தான். ஜெர்மனில் 'டீர்' இன்றைக்கும் விலங்கு. நம் பக்கமும் அதே கூத்து. ரிக் வேதத்தில் 'ம்ருக' என்றால் காட்டு விலங்கு, பிற்காலச் சமஸ்கிருதத்தில் மான். தமிழுக்கு வந்த 'மிருகம்' பழைய பொருளோடேயே நிற்கிறது, 'மிருகசீரிடம்' மான் தலையைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு பாஸ்புக் மாதிரி. இதைவிடப் பெரிய கூத்து யானை. கிரேக்க 'எலிஃபாஸ்' மிகப் பழைய கிரேக்க எழுத்தான மைசீனியக் களிமண் பலகைகளில் தந்தத்தைக் குறிக்கிறது. விலங்கு வருவதற்கு முன்னால் அதன் பல் வந்து இறங்கிவிட்டது. யானையையே பார்த்திராத கோத்தியர்கள் என்ற பழைய ஜெர்மானிய இனத்தார் அந்தப் பெயரை வாங்கி ஒட்டகத்துக்கு வைத்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் ஒட்டகம் 'உல்பந்துஸ்'.

அடுத்து ஒலிக் கணக்கு. இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறோம். இரண்டு சொற்கள் ஒரே மாதிரி ஒலித்தால் சொந்தம் என்று மனசு உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் ம்பபாரம் என்றொரு மொழி இருந்தது. அதில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியதல்ல. அண்டை மொழிகளோடு ஒப்பிட்டு, அது அங்கேயே பிறந்த சொல் என்று மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் காட்டிவிட்டார். சுத்தமான தற்செயல். அதை என் நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒலிப்பு ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வித்தியாசம் ஒழுங்காக இருக்க வேண்டும். பெங்களூரு போய் வந்தவர்களுக்கு இது கைவந்த விஷயம். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி. நம்முடைய 'ப' அங்கே 'ஹ'. ஒன்றிரண்டு சொல்லில் இல்லை, வரிசையாக. அதே மாதிரி லத்தீன் 'ப'வுக்கு ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் 'ஃப'. 'பாதெர்' என்றால் 'ஃபாதர்', 'பிஸ்கிஸ்' என்றால் 'ஃபிஷ்'. இந்த ஒழுங்கை 1822-இல் ஜெர்மன் அறிஞர் யாக்கோப் கிரிம் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் நம் 'பசு', லத்தீன் 'பெகு', ஜெர்மன் 'ஃபீ' மூன்றும் ஒரே தொழுவம். லத்தீனில் அதிலிருந்துதான் பணத்துக்கு 'பெகூனியா' என்ற சொல் பிறந்தது. 'மாடல்ல மற்றை யவை' என்று வள்ளுவர் மாட்டைச் செல்வமாக்கியது நினைவுக்கு வரலாம். வரட்டும், ஆனால் நோட்டில் எழுதாதீர்கள். மாடு வைத்திருந்த எந்த ஜனமும் மாட்டைப் பணமாகத்தான் பார்த்திருக்கும். அதனால் சொற்கள் சொந்தமாகிவிடாது.

ஒலிக் கணக்கைப் பழகக் குதிரைதான் சரி. சமஸ்கிருதம் 'அச்வ', லத்தீன் 'எக்வுஸ்'. ஒரு பக்கம் 'ச', மறுபக்கம் 'க'. வேறு சொற்களில் இதே ஜோடி இருக்கிறதா பாருங்கள். சதம் அங்கே 'கெந்தும்', தச அங்கே 'தெகெம்'. சரி, ஒத்துப்போகிறது. இப்போது கிரேக்க 'ஹிப்போஸ்'. நடுவில் இருக்கும் 'ப்ப்' கூடச் சமாளிக்கலாம். முன்னால் ஒரு 'ஹ' எங்கிருந்து வந்தது? 'எ' ஏன் 'இ' ஆனது? 'ஹ' பிற்பாடு ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சாட்சி உண்டு. 'லெவ்கிப்போஸ்' என்ற ஆள் பெயரில், வெள்ளைக் குதிரைக்காரன் என்று அர்த்தம், அந்த 'ஹ'வின் மூச்சே இல்லை. ஆனால் 'இ'? மைசீனியப் பலகையிலேயே அது 'இ'தான். இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்கிற விளக்கம் இல்லை. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் முதல் தர உதாரணம் என்று எல்லாப் பாடப்புத்தகமும் காட்டுகிற சொல் இது, அதிலேயே ஓர் ஓட்டை. ஓட்டை இருப்பதால் கணக்கே பொய் என்று கிளம்பாதீர்கள். அந்த ஓட்டையை வலப்பக்கத்தில் எழுதிவிட்டு மேலே போங்கள்.

அகராதிகளில் சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். '*எக்வோஸ்' என்பது போல. இதை யாரும் எங்கும் எழுதிப் பார்க்கவில்லை, பிற்பாடு வந்த சொற்களை வைத்து நாங்கள் கட்டிய உருவம் என்று அர்த்தம். கணக்கில் சொன்னால் மதிப்பீட்டுத் தொகை, ரொக்கம் அல்ல. அந்த நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் படி எடுப்பது பெரிய குற்றம். நானே முதல் நோட்டில் விட்டுவிட்டு அப்புறம் சிவப்பு மையில் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

கரடிப் பக்கத்தைக் கொஞ்சம் விரித்தே காட்டுகிறேன், ஏனென்றால் என் நோட்டில் மிகவும் கசங்கிய பக்கம் அதுதான். சமஸ்கிருதம் 'ருக்ஷ', கிரேக்கம் 'ஆர்க்தோஸ்', லத்தீன் 'உர்சுஸ்', இன்றைய துருக்கியில் பழங்காலத்தில் பேசிய ஹிட்டைட் மொழியில் 'ஹர்தக்க', வேல்ஸ் 'அர்த்'. எல்லாம் ஒரே சொல். வடவானத்துக் கரடி விண்மீன்களால்தான் ஆர்க்டிக் என்ற பெயரே வந்தது. நாம் சப்தரிஷி மண்டலம் என்கிற அதே கூட்டத்தை ரிக் வேதத்தின் ஓர் இடம் 'ருக்ஷ' என்றே சொல்கிறது. இவ்வளவு உறுதியான சொல், ஐரோப்பாவின் வடக்கே போனால் காணோம். ஆங்கிலத்தில் 'பேர்', ரஷ்யனில் 'மெத்வேத்', லிதுவேனியனில் 'லோகிஸ்'. ரஷ்யச் சொல்லுக்குத் தேன் தின்னி என்று பொருள். அந்த 'மெத்' நம் மதுதான். 'பேர்' என்றால் பழுப்பன்.

ஏன் மாற்றினார்கள்? 1906-இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் மெய்யே ஒரு பதில் சொன்னார். காட்டில் கரடியின் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற பயம். ஆகவே சுற்றி வளைத்து ஒரு பட்டப்பெயர். கொஞ்ச காலத்தில் பட்டப்பெயரே பெயராகிவிட்டது. கேட்டவுடன் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்தது. ராத்திரியில் பாம்பு என்று சொல்ல விடமாட்டார். "பூச்சி பொட்டு கிடக்கும், விளக்கை எடுத்துட்டுப் போ" என்பார். கடித்தால் ஆளைக் கொல்கிற பாம்பைத்தானே நாம் நல்ல பாம்பு என்கிறோம்! ஆகையால் மெய்யேவின் பக்கம் என் மனசு தானாகச் சாய்ந்தது. சாய்கிறது என்று தெரிந்தால் வலப்பக்கத்தைக் கூடுதல் கவனமாக எழுத வேண்டும்.

எழுதினேன். ஒன்று, அந்தப் பழங்காலத்து வேட்டைக்காரர் யாரும் நாங்கள் பயந்து பெயரை மாற்றினோம் என்று எழுதி வைக்கவில்லை. வடக்கே சொல் இல்லை என்பதிலிருந்து நாம் ஊகிக்கிறோம். இரண்டு, கிரேக்கனுக்கும் நம் ஆட்களுக்கும் கரடியைக் கண்டு பயமில்லையா? அவர்கள் ஏன் மாற்றவில்லை? மூன்று, 'லோகிஸ்' பட்டப்பெயர்தானா என்பதே தெளிவில்லை. இடப்பக்கத்துக்கு ஆதரவாக ஒன்று: குடும்பமே வேறான ஃபின்னிஷ் மொழியில் கரடிக்குப் பட்டப்பெயர்கள் குவிந்து கிடக்கின்றன, தேன்பாதம் என்றுகூட ஒன்று. அந்தப் பக்கத்து மரியாதை அது என்பது தெரிகிறது. இதற்கு நடுவே அமெரிக்க மொழியியலாளர் டான் ரிஞ்ச் 2006-இல் வந்த தன் நூலில், 'பேர்' பழுப்பனே அல்ல, காட்டு விலங்கு என்று பொருள்தரும் பழைய வேரிலிருந்து வந்தது, லத்தீன் 'ஃபெருஸ்', கிரேக்க 'தேர்' எல்லாம் அதன் உறவு என்று ஒரு குண்டைப் போட்டார். அதற்கான விலை, ஜெர்மானிய மொழிகளில் சொல் முதலில் வரும் ஒரு பழைய 'க்வ' வகை ஒலி 'ப' ஆகும் என்ற விதியை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விதிக்கு உதாரணம் சொற்பம். பழுப்பன் கட்சிக்கும் தொல்லை உண்டு: பழுப்பு என்ற அந்த வேர் இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழியிலேயே இருந்ததா என்பதில் ரிஞ்சுக்குச் சந்தேகம். பாருங்கள், பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிற சங்கதி, நோட்டில் இரண்டு பக்கம் தாண்டி மூன்றாவதுக்கு ஓடுகிறது.

அப்புறம், விலங்கு எங்கே வாழ்ந்தது என்று கேளுங்கள். பார்க்காத பிராணிக்குப் பரம்பரைப் பெயர் இருக்காது, வாங்கின பெயர்தான் இருக்கும். மயில் நம் மண்ணுக்கே உரியது. அதனால் கிரேக்கத்தில் 'தாவோஸ்', லத்தீனில் 'பாவோ' என்று ஆளுக்கொன்று. ரிக் வேதத்தில் 'மயூர' இருக்கிறது. ஐரோப்பாவில் அதற்கு உடன்பிறப்பு இல்லை. தமிழில் மயில், மஞ்ஞை. நடு, கிழக்கு இந்தியாவில் பழங்குடிகள் பேசும் முண்டா மொழிகளில் 'மராக்' போல ஒரு சொல். மொழியியலாளர் பர்ரோ முதலியவர்கள் திராவிடத்திலிருந்து சமஸ்கிருதத்துக்குப் போனது என்றார்கள். வேறு சிலர் முண்டாவிலிருந்து என்றார்கள். திராவிடக் கட்சியின் விலை: 'ல்' எப்படி 'ர்' ஆனது என்று சொல்ல வேண்டும், ரிக் வேதம் பாடப்பட்ட வடமேற்கில் அந்தக் காலத்திலேயே திராவிடம் பேசியவர்கள் இருந்தார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். முண்டாக் கட்சியின் விலை: நடுவில் இருக்கும் 'ய' எங்கிருந்து முளைத்தது என்று சொல்ல வேண்டும், முண்டாக்காரர்களையும் அதே வடமேற்குக்குக் கொண்டுபோக வேண்டும். எனக்குத் திராவிடம் கொஞ்சம் மலிவாகப் படுகிறது. தமிழன் என்பதால் அப்படிப் படுகிறதோ என்ற சந்தேகத்தையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த மாதிரிச் சொற்களைத் தேட பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி வேண்டும். 1961-இல் முதல் பதிப்பு, 1984-இல் திருத்திய பதிப்பு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம், டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பீட்டு அகராதியும் அங்கேயே கிடைக்கிறது. திராவிட அகராதியில் பல பதிவுகளின் கடைசியில் ஒரு சாய்கோடு, பிறகு 'ஒப்பிடுக' என்ற சுருக்கம், பிறகு ஒரு சமஸ்கிருதச் சொல் இருக்கும். அதைப் பார்த்ததும் குதிக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார் என்றுதான் அது சொல்கிறது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று அந்தச் சுருக்கம் சொல்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியைப் பார்க்கும்போது மறுபக்கத்துக் கவனம் வேண்டும். சமஸ்கிருதத் தோற்றம் காட்டுவதில் அதற்குக் கொஞ்சம் தாராள மனசு.

தேடப் போய் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புஸ்ஸுக்காக மேடையில் தொண்டை கிழியக் கத்தியவன், கையிலிருந்த நல்ல சரக்கைப் பார்க்கவே இல்லை. ஆங்கில 'மங்கூஸ்' மராத்தியின் 'முங்கூஸ்'. அதற்குப் பக்கத்தில் தெலுங்கு 'முங்கிச', கன்னடத்தில் 'முங்கிசி'. தமிழில் கீரி என்கிறோமே, அதனால் நமக்கு இதில் பங்கில்லை என்று விட்டிருந்தேன். தொல்காப்பிய மரபியலில் எதன் பிள்ளையைக் குட்டி எனலாம் என்று ஒரு சூத்திரம்: 'மூங்கா வெருகெலி மூவரி யணிலொடு'. மூங்கா என்றால் கீரி! மரபியலின் காலத்தைப் பற்றித் தனிச் சண்டை நடக்கிறது, இருந்தாலும் ஆங்கிலேயன் வாயில் விழுவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்திய வவுச்சர் இது. திராவிடத்திலிருந்து மராத்திக்கு என்ற திசைக்கு இங்கே வலு அதிகம். வலப்பக்கத்தில் எழுதியிருப்பது, நம் 'மூ' நெடில், அங்கே 'மு' குறில். அவர்களிடம் இருக்கும் 'ச' வால் நம்மிடம் இல்லை.

இனி நாய். சமஸ்கிருத 'ச்வன்', கிரேக்க 'க்யூவோன்', லத்தீன் 'கனிஸ்', ஆங்கில 'ஹவுண்ட்' எல்லாம் ஒரே குடும்பம் என்பதில் தகராறில்லை, லத்தீனின் 'அ' மட்டும் உறுத்தும். அதையும் தாண்டி, 'பசு' என்ற அதே வேரிலிருந்து மந்தை காப்பவன் என்று நாய்க்குப் பெயர் வந்தது என்பவர்கள் உண்டு. முன்னாலிருந்த 'ப' எல்லா மொழியிலும் ஒரு தடயம்கூட விடாமல் விழுந்துவிட்டது என்று நாம் நம்பினால் சரிதான். ரஷ்ய 'சொபாகா' ஈரானியக் கடன் என்று பலர் சொல்கிறார்கள். பழைய ஈரானிய இனத்தாரான மேதியர்கள் பெண்நாயை 'ஸ்பாக' என்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். துருக்கியத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. ஆனால் ஆங்கில 'டாக்'? பழைய ஆங்கிலத்தில் 'தொக்க' என்று அபூர்வமாகத் தட்டுப்படுகிறது, உறவுமொழி எதிலும் சொந்தக்காரர் இல்லை. ஸ்பானிஷில் 'பெர்ரோ' அதே அனாதை. தினம் காலடியில் சுற்றுகிற பிராணி, அதன் பெயருக்கு முகவரி இல்லை.

சங்கத்தில் யார் கட்டிய பணம் என்று தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ஏதாவதொரு பெயரில் வரவு வைத்து டேலி காட்டினால் அதற்குப் பெயர் மோசடி. நோட்டின் கடைசி இருபது பக்கத்தைச் சஸ்பென்ஸுக்கு என்றே ஒதுக்குங்கள். 'டாக்', 'பெர்ரோ' இரண்டும் அங்கே. 'டைகர்' அங்கே, பாரசீகப் பக்கத்தில் அம்பு என்று பொருள்தரும் 'திக்ரி' இருக்கிறது, பாய்ச்சலுக்காக வைத்த பெயர் என்று கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே யாரும் புலியை அப்படிக் கூப்பிட்டதாக எழுத்துச் சாட்சி இல்லை. பாரசீக 'பீல்' என்ற யானைச் சொல் நம் 'பல்' என்ற சொல்லிலிருந்து போனது என்று பஹதா அன்சுமாலி முகோபாத்யாய் 2021-இல் எழுதிய கட்டுரையும் என் சஸ்பென்ஸில்தான் இருக்கிறது. 'அ' எப்படி 'ஈ' ஆனது என்பது எனக்குத் தீரவில்லை. ஜெர்மனின் 'லாக்ஸ்' என்ற சால்மன் மீன்தான் இந்தியாவுக்கு வந்து, ஆற்றில் மொய்க்கும் கூட்டத்தால் நம் லட்சம் ஆயிற்று என்று ஜெர்மன் அறிஞர் பால் தீமே சொன்னது, படிக்க ஆனந்தம். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

தொடங்கும்போது காக்கையையும் குயிலையும் எடுக்காதீர்கள். அவை தங்கள் பெயரைத் தாங்களே கத்துகின்றன, உலகம் முழுக்க ஒத்துப்போகும், ஒன்றும் தேறாது. ஓநாயை எடுங்கள். சமஸ்கிருத 'வ்ருக', கிரேக்க 'லூகோஸ்', லத்தீன் 'லூபுஸ்', ஆங்கில 'உல்ஃப்'. இதில் லத்தீன் 'லூபுஸ்' ரோமாபுரியின் ஒலி முறைக்கு உட்படாத 'ப' ஒன்றை வைத்திருக்கிறது. அதே லத்தீனில் மாட்டுக்கு 'போஸ்' என்கிறார்கள், அதிலும் வரக்கூடாத இடத்தில் 'ப'. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி, ரோமாபுரியைச் சுற்றி மலையிலும் மேய்ச்சல் நிலத்திலும் வேறு எந்த மொழிக்காரர்கள் இருந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.